அப்டேட்டுக்கு முன் ஒரு பக்கம், பின் பத்து நிமிடம்: கேட்காமல் மாறும் செட்டிங்ஸைக் கண்டுபிடிப்பது எப்படி

அக்காவின் மடிக்கணினியில் இரவு முழுக்க ஓட வேண்டிய வேலை ஒன்று இருந்தது. பெரிய வீடியோ ஒன்றை வேறு வடிவத்துக்கு மாற்றும் வேலை. பத்து மணிக்கு ஓடவிட்டுப் படுக்கப் போனார். காலையில் எழுந்து பார்த்தால் கால்வாசிகூட முடியவில்லை. கணினி நடுவில் தானாகவே உறக்கத்துக்குப் போயிருந்தது. மின் இணைப்பில் இருக்கும்போது உறங்கவே கூடாது என்று நான்தான் சில மாதங்களுக்கு முன் அமைத்துக் கொடுத்திருந்தேன். அவர் அதைத் தொடவில்லை, நானும் தொடவில்லை. முந்தைய வாரம் கணினித் தயாரிப்பாளரின் அப்டேட் கருவி ஒரு முறை ஓடியிருந்தது. அது தன்னுடைய மின்சக்தித் திட்டத்தைப் போட்டுவிட்டு எங்களுடையதை எடுத்துவிட்டது. கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை.

இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போனது. அப்டேட்டுக்கு முன் எது எப்படி இருந்தது என்று எங்குமே எழுதி வைக்காததுதான் காரணம். எது மாறியது என்றே தெரியாமல் ஒவ்வொரு பக்கமாகத் திறந்து தேட வேண்டியிருந்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் உள்ள ஒவ்வொரு கணினிக்கும் ஒரு பக்கக் குறிப்பு இருக்கிறது. அந்தப் பக்கத்தில் என்ன எழுதுவது, அப்டேட் முடிந்ததும் எங்கெல்லாம் போய் ஒப்பிட்டுப் பார்ப்பது, மாறியிருந்தால் எப்படித் திருப்புவது என்பதையே இங்கே சொல்லப் போகிறேன். கணினிக்குப் புதியவர்களும் பின்தொடரும்படி எழுதியிருக்கிறேன். படிகளை விண்டோஸ் 11ஐ வைத்துச் சொல்கிறேன். மேக், லினக்ஸ் பற்றியும் கடைசிப் பக்கம் கொஞ்சம் உண்டு. திரையில் ஆங்கிலத்தில் தெரியும் பெயர்களை அப்படியே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன்.

அப்டேட்டையே நிறுத்திவிட்டால் என்ன?

இப்படி ஒரு முறை அடிபட்டவர்கள் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். தயவுசெய்து நிறுத்தாதீர்கள். 2017 மே 12 அன்று வான்னாகிரை என்ற நச்சுநிரல் உலகம் முழுக்கக் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. இரண்டு மாதம் அதைப் போடாமல் இருந்த கணினிகளே பெரும்பாலும் மாட்டின. செட்டிங்ஸ் மாறினால் திருப்பிக்கொள்ளலாம். போன கோப்புகளைத் திருப்புவது அவ்வளவு எளிதல்ல.

கேட்காமல் மாற்றும் நிறுவனங்கள் மேல் எனக்கு உண்மையான கோபம் உண்டு. அதில் பாதி இதனால்தான். ஒரு முறை ஏமாந்தவர் அடுத்த முறை பாதுகாப்பு அப்டேட்டையும் சேர்த்தே தள்ளிவைக்கிறார். ஆபத்து அவருக்குத்தான் வருகிறது.

ஏன் மாறுகிறது

காரணம் தெரிந்தால் எங்கே தேட வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

விண்டோஸில் மாதம் ஒரு முறை, இரண்டாவது செவ்வாய்க்கிழமை வரும் பாதுகாப்பு அப்டேட் சிறியது. பெரும்பாலும் எதையும் மாற்றாது. ஆண்டுக்கு ஒரு முறை வரும் பெரிய பதிப்பு மாற்றம் அப்படியல்ல. பல நேரம் அது ஏறக்குறைய புது விண்டோஸை நிறுவுவது போன்றது. பழையதை 'விண்டோஸ் ஓல்டு' என்ற கோப்புறைக்குள் தள்ளிவிட்டு, உங்கள் செட்டிங்ஸை ஒவ்வொன்றாகப் புதியதற்குள் எடுத்துவைக்கும். வீடு மாறும்போது ஒன்றிரண்டு பெட்டி விட்டுப்போவது போல இங்கேயும் சில விட்டுப்போகும். விட்டுப்போனவை தொழிற்சாலை நிலைக்குத் திரும்பிவிடும். இதில் கெட்ட நோக்கம் எதுவும் இல்லை. ஆனால் விளைவு ஒன்றுதான்.

டிரைவர், அதாவது கணினியின் ஒரு பாகத்தை விண்டோஸ் இயக்க உதவும் சிறு மென்பொருள், இரண்டாவது காரணம். ஒலி, திரை, தொடுதளம் போன்றவற்றின் டிரைவர் புதிதாக ஏறும்போது அதனுடன் சேர்ந்த செட்டிங்ஸ் புதிதாகத் தொடங்கும். தொடுதளத்தில் தட்டினால் கிளிக் ஆகாதபடி அணைத்து வைத்திருப்பீர்கள், திடீரென்று அது உயிர் பெற்றிருக்கும்.

மூன்றாவது, நிறுவனமே தெரிந்து செய்வது. 2015 ஜூலையில் விண்டோஸ் 10 வந்தபோது, பழைய விண்டோஸில் இருந்து மாறியவர்கள் தேர்ந்தெடுத்து வைத்திருந்த பிரவுசரை அது மைக்ரோசாஃப்டின் சொந்த பிரவுசரான எட்ஜுக்கு மாற்றியது. ஃபயர்பாக்ஸ் பிரவுசரை உருவாக்கும் மொசில்லாவின் தலைவராக அப்போது இருந்த கிறிஸ் பியர்ட், மைக்ரோசாஃப்ட் தலைவர் சத்யா நாதெல்லாவுக்கு இதைக் கண்டித்துத் திறந்த மடல் எழுதினார். அடுத்த ஆண்டு, 2016இல், விண்டோஸ் 7, 8.1 வைத்திருந்தவர்களுக்கு விண்டோஸ் 10க்கு மாறச் சொல்லி ஒரு பெட்டி வந்துகொண்டே இருந்தது. மூலையில் இருந்த பெருக்கல் குறியை அழுத்தி அதை மூடினால், ஏற்கெனவே குறித்துவைத்த மாற்றத்துக்குச் சம்மதித்ததாக எடுத்துக்கொண்டது. மூடுவது என்றால் வேண்டாம் என்பதுதான் இருபது ஆண்டுகளாக எல்லோரும் பழகிய பொருள். எதிர்ப்பு பெரிதானதும் ஜூன் கடைசியில் மறுப்பதற்கு என்று தனி வழி வைப்பதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது.

ஒரே நிறுவனத்தை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல. 2008 மார்ச்சில், விண்டோஸ் கணினிகளில் ஐட்யூன்ஸுடன் வந்த ஆப்பிளின் அப்டேட் கருவி, கணினியில் இல்லவே இல்லாத சஃபாரி பிரவுசரையும் பட்டியலில் சேர்த்து டிக் போட்டுக் காட்டியது. அடுத்த மாதம்தான் அப்டேட்டுகள் தனி, புது மென்பொருள் தனி என்று பட்டியலைப் பிரித்தார்கள். 2017 ஜனவரியில் அடோபி ரீடரின் பாதுகாப்பு அப்டேட்டுடன் குரோம் பிரவுசருக்கான ஒரு நீட்சியும் (பிரவுசருக்குள் சேரும் கூடுதல் சிறு நிரல்) சேர்ந்து வந்தது. 2025 ஜனவரியில் மேக்கின் 15.3 பதிப்பு ஏறியபோது, ஆப்பிள் இன்டெலிஜென்ஸ் என்ற செயற்கை நுண்ணறிவு வசதி, அதைத் தாங்கக்கூடிய கணினிகளில் தானாகவே இயங்கும் நிலைக்கு வந்தது.

முதல் வேலை: அந்த ஒரு பக்கம்

காகிதத்தில் எழுதினால் நல்லது. கணினியே திறக்காத நாளில் கணினிக்குள் இருக்கும் குறிப்பு உதவாது. ஸ்கிரீன்ஷாட் எடுப்பவர்கள் அதைக் கைபேசிக்கு அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லா செட்டிங்ஸையும் எழுத வேண்டாம், நீங்கள் கைவைத்து மாற்றியவை மட்டும் போதும். தொழிற்சாலை நிலையிலேயே விட்டவை மாறினால் உங்களுக்கு உறுத்தாது. என் பக்கத்தில் இருப்பவை இவை: எந்த பிரவுசர், அதில் எந்தத் தேடுபொறி, திறந்ததும் எந்தப் பக்கம் வரும், என்னென்ன நீட்சிகள். பிடிஎஃப், படம், வீடியோ, பாட்டு இவை எந்த நிரலில் திறக்கும். திரை எத்தனை நிமிடத்தில் அணையும், கணினி எப்போது உறங்கும், மூடியைச் சாத்தினால் என்ன ஆகும். கணினி தொடங்கும்போது கூடவே தொடங்கும் நிரல்களின் பட்டியல். கேமரா, மைக், இருப்பிடம் ஆகியவற்றைத் தொட எந்த நிரல்களுக்கு அனுமதி. இணையத்தில் கோப்புகளை வைக்கும் மேகச் சேமிப்பில் எந்தக் கோப்புறைகள் ஏறுகின்றன, எவை ஏறவில்லை. தமிழ் தட்டச்சுக்கு எந்த விசைப்பலகை, தமிழ்99ஆ ஒலிபெயர்ப்பா. இணையதளப் பெயர்களை எண்முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சேவையின் முகவரியை மாற்றியிருந்தால் அந்த எண்கள்.

பக்கத்தின் கீழே இன்னும் ஒன்று எழுத வேண்டும், இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். உங்கள் வட்டு பிட்லாக்கர் என்ற விண்டோஸின் பூட்டு வசதியால் பூட்டப்பட்டிருந்தால் அதன் 48 இலக்க மீட்புச் சாவியை எழுதி வையுங்கள். தேடல் பெட்டியில் பிட்லாக்கர் என்று ஆங்கிலத்தில் தட்டினால் நிலை தெரியும். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு அமைத்த புதிய கணினிகள் பலவற்றில் வட்டு தானாகவே பூட்டப்பட்டிருக்கும், உரிமையாளருக்கே அது தெரியாது. 2024 ஜூலை பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பிறகு சில கணினிகள் தொடங்கும்போதே இந்தச் சாவியைக் கேட்டு நின்றன. விண்டோஸுக்கு முன்பே ஓடிக் கணினியைத் தொடக்கிவைக்கும் பயாஸ் என்ற அடிப்படை மென்பொருளின் அப்டேட்டுக்குப் பிறகும் இப்படிக் கேட்பதுண்டு. சாவி பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிப்பில் இருக்கும். அதை இப்போதே எடுத்து எழுதிவிடுங்கள்.

இதற்கெல்லாம் அரை மணி நேரம் ஆகும். ஒரே ஒரு முறைதான்.

அப்டேட் நேரத்தை உங்கள் கைக்குக் கொண்டுவருதல்

விண்டோஸ் விசையோடு ஐ எழுத்தை அழுத்தினால் செட்டிங்ஸ் திறக்கும். இடப்பக்கம் கடைசியில் 'விண்டோஸ் அப்டேட்'. அங்கே 'பாஸ் அப்டேட்ஸ்' என்பதில் ஒரு வாரம் முதல் ஐந்து வாரம் வரை தள்ளிவைக்கலாம். அவசர வேலை முடியும்வரை, அல்லது பெரிய பதிப்பு வந்த முதல் சில வாரங்கள், இதைப் பயன்படுத்துவதில் தவறே இல்லை. 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பு சிலருடைய ஆவணங்களையே அழித்துவிட்டது. மைக்ரோசாஃப்ட் சில நாட்களில் அதை நிறுத்திவைத்தது. அவசரப்படாதவர்கள் தப்பித்தார்கள்.

அதே பக்கத்தில், அப்டேட்டுகள் வந்தவுடன் எல்லோருக்கும் முன்னால் வேண்டும் என்று கேட்கும் ஒரு பொத்தான் இருக்கும். அணைத்தே வையுங்கள். 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' உள்ளே போய் 'ஆக்டிவ் அவர்ஸ்' என்பதில் நீங்கள் வேலை செய்யும் நேரத்தைக் குறித்தால் அந்த நேரத்தில் கணினி தானாக ரீஸ்டார்ட் ஆகாது. அதிகபட்சம் 18 மணி நேரம் குறிக்கலாம். 'ஆப்ஷனல் அப்டேட்ஸ்' பகுதியில் டிரைவர்கள் வரிசையாக இருக்கும். ஒலி, திரை, வைஃபை எல்லாம் சரியாக வேலை செய்கிறதா? அப்படியானால் அங்கே எதையும் தொட வேண்டாம்.

அடுத்து, மீட்புப் புள்ளி. தேடல் பெட்டியில் 'கிரியேட் எ ரீஸ்டோர் பாயின்ட்' என்று ஆங்கிலத்தில் தட்டித் திறங்கள். பல கணினிகளில் இந்தப் பாதுகாப்பு அணைந்தே இருக்கும். சி வட்டைத் தேர்ந்தெடுத்து, 'கான்ஃபிகர்' அழுத்தி, முதலில் இயக்கிவிடுங்கள். பிறகு 'கிரியேட்' அழுத்தித் தேதியைப் பெயராகக் கொடுங்கள். அப்டேட் கெடுத்துவிட்டால் டிரைவர்களும் விண்டோஸ் செட்டிங்ஸும் இந்தப் புள்ளிக்குத் திரும்பும். உங்கள் கோப்புகளை இது காப்பாற்றாது, அதற்குத் தனியாக வெளி வட்டில் பேக்கப் வேண்டும்.

டிக் பெட்டிகள்

மற்ற மென்பொருள்களின் அப்டேட் திரையில்தான் புதியவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். பல ஆண்டுகளாக ஃபிளாஷ் பிளேயர் இறக்கும் பக்கத்தில் மெக்காஃபி சோதனைக் கருவிக்கும், ஜாவா அப்டேட்டில் ஆஸ்க் டூல்பார் என்ற பிரவுசர் தேடல் பட்டைக்கும் முன்கூட்டியே டிக் போட்டுத் தந்தார்கள். அவசரத்தில் 'நெக்ஸ்ட்' அழுத்தியவர்களின் கணினியில் எல்லாம் ஏறியது. இன்றும் இலவச மென்பொருள்கள் பலவற்றில் இதே வழக்கம் தொடர்கிறது.

பழக வேண்டியது எளிது. 'ரெக்கமண்டட்' அல்லது 'எக்ஸ்பிரஸ்' என்று பெரிதாகத் தெரிவதை விட்டுவிட்டு, பக்கத்தில் சிறிதாக மங்கலாக இருக்கும் 'கஸ்டம்' அல்லது 'அட்வான்ஸ்டு' என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு திரையிலும் டிக் உள்ள பெட்டிகளை மட்டும் படியுங்கள். நீங்கள் அப்டேட் செய்ய வந்த மென்பொருளின் பெயர் இல்லாத எந்த வரிக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். சில திரைகளில் 'டிக்லைன்' என்று இருக்கும். அதை அழுத்தினால் முழு அப்டேட்டும் நின்றுவிடுமோ என்று பயம் வரும். பெரும்பாலும் அந்த ஒரு கூடுதல் மென்பொருள் மட்டுமே மறுக்கப்படும். இரண்டு கேள்விகளும் ஒரே மாதிரி தெரியும்படி திரையை வேண்டுமென்றே அமைத்திருப்பார்கள். முன்கூட்டியே டிக் போட்ட பெட்டி சம்மதம் ஆகாது என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2019 அக்டோபர் 1 அன்று தீர்ப்புச் சொன்னது. பிரவுசர் குக்கீகள் தொடர்பான வழக்கு அது. ஆனால் அதே நியாயம் இங்கேயும் பொருந்தும் என்பதே என் எண்ணம்.

டிரைவர்களை எல்லாம் ஒரே சொடுக்கில் புதுப்பித்துத் தருகிறோம் என்று விளம்பரம் செய்யும் நிரல்களை நிறுவவே வேண்டாம். விண்டோஸ் அப்டேட்டும் தயாரிப்பாளரின் தளமும் போதும்.

அப்டேட் முடிந்து வரும் முதல் திரை

பெரிய அப்டேட்டுக்குப் பிறகு, சில நேரம் சிறியதற்குப் பிறகும், முழுத் திரையில் ஒரு பக்கம் வரும். உங்கள் கணினியை அமைத்து முடிப்போம் வாருங்கள் என்ற தொனியில் இருக்கும். ஏற்கெனவே முடித்த கணினிதான். இங்கே பரிந்துரைத்த பிரவுசர் செட்டிங்ஸ், மைக்ரோசாஃப்டின் மேகச் சேமிப்பான ஒன்டிரைவில் பேக்கப், மைக்ரோசாஃப்ட் 365 சந்தா என்று அடுத்தடுத்துக் கேட்கும். தொடர்க என்று அழுத்திக்கொண்டே போனால் எல்லாவற்றுக்கும் ஆம் என்றாகிவிடும். 'ஸ்கிப் ஃபார் நவ்', 'நோ தேங்க்ஸ்', 'ரிமைண்ட் மீ லேட்டர்' என்ற சிறிய எழுத்துகளைத் தேடி அழுத்துங்கள்.

இது இனி வராமல் இருக்க: செட்டிங்ஸ், 'சிஸ்டம்', 'நோட்டிஃபிகேஷன்ஸ்' போய் அடியில் உள்ள 'அடிஷனல் செட்டிங்ஸ்' என்பதை விரியுங்கள். மூன்று டிக்குகள் இருக்கும். மூன்றையும் எடுத்துவிடுங்கள்.

பத்து நிமிடச் சுற்று

அப்டேட் முடிந்ததும் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு சுற்று.

முதலில் செட்டிங்ஸில் 'ஆப்ஸ்', பிறகு 'டிஃபால்ட் ஆப்ஸ்', அதாவது எது எந்த நிரலில் திறக்கும் என்ற பட்டியல். உங்கள் பிரவுசரின் பெயரைத் தட்டி மேலே 'செட் டிஃபால்ட்' அழுத்தினால் போதும். 2021இல் விண்டோஸ் 11 வந்த புதிதில் ஒவ்வொரு கோப்பு வகைக்கும் தனித்தனியாக மாற்ற வேண்டியிருந்தது. மக்கள் எதிர்த்த பிறகு 2022இல்தான் இந்த ஒற்றைப் பொத்தான் வந்தது. பிடிஎஃப் மட்டும் தனியாகப் பாருங்கள், அது அடிக்கடி எட்ஜுக்குப் போய்விடும். ஒரு நிரலின் டிஃபால்ட் மீட்டமைக்கப்பட்டது என்று விண்டோஸே எப்போதாவது செய்தி காட்டும். ஏதோ ஒரு நிரல் முறையான வழியில் அல்லாமல் உள்ளே புகுந்து மாற்ற முயன்றது என்பது அதன் பொருள். எந்த நிரல் அன்று அப்டேட் ஆனது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். 'ஸ்டார்ட்அப் ஆப்ஸ்' பகுதியில் உங்கள் பட்டியலில் இல்லாத பெயர் இருக்கிறதா? வலது சொடுக்கி 'டிஸேபிள்' கொடுங்கள். இதனால் எதுவும் கெடாது, அந்த நிரல் தானாகத் தொடங்காது, அவ்வளவுதான்.

'சிஸ்டம்' உள்ளே 'பவர்' பக்கத்தில் உறக்க நேரங்கள். 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' உள்ளே கேமரா, மைக், இருப்பிட அனுமதிகள், அப்புறம் 'டயக்னாஸ்டிக்ஸ்' பகுதியில் கூடுதல் தகவல் அனுப்பும் பொத்தான். ஒன்டிரைவின் மேக வடிவச் சின்னத்தைச் சொடுக்கி அதன் செட்டிங்ஸில் 'மேனேஜ் பேக்கப்' பார்த்து டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஏறத் தொடங்கிவிட்டனவா என்று சரிபாருங்கள். ஏறியிருந்தால் அவசரப்பட்டு எதையும் அழிக்க வேண்டாம். முதலில் பேக்கப்பை நிறுத்துங்கள். கோப்புகள் ஒன்டிரைவ் கோப்புறைக்குள் இருக்கும். அவற்றைப் பழைய இடத்துக்கு நகர்த்தி, திறந்து பார்த்த பிறகே மற்றது. மேகத்தில் அழித்தால் கணினியிலும் அழியும் என்று தெரியாமல் புகைப்படங்களை இழந்தவர்கள் உண்டு.

பிரவுசரில் தேடுபொறி, முகப்புப் பக்கம், நீட்சிகள் மூன்றையும் பாருங்கள். குரோமின் மெனுவில் இது ஒரு நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது என்ற பொருளில் ஒரு வரி இருந்தால் கவனியுங்கள். அலுவலகக் கணினியில் அது இயல்பு. சொந்தக் கணினியில் இருந்தால் ஏதோ ஒரு நிரல், சில நேரம் உங்கள் வைரஸ் தடுப்பு நிரலே, பிரவுசருக்கு விதி போட்டிருக்கிறது. அந்த விதி இருக்கும்வரை தேடுபொறியை எத்தனை முறை மாற்றினாலும் திரும்பித் திரும்பி வரும். அதைப் போட்ட நிரலை நீக்குவதுதான் வழி. நீட்சியை நீக்கும் பொத்தானே மங்கலாக இருந்தாலும் இதே கதைதான். 2009இல், பல நிரல்கள் ஓடத் தேவையான டாட்நெட் என்ற மைக்ரோசாஃப்ட் மென்பொருளின் அப்டேட் ஃபயர்பாக்ஸுக்குள் இப்படி ஒரு நீட்சியைப் போட்டது. முதலில் வந்த வடிவத்தில் அதைப் பயனர் நீக்கவே முடியாதபடி பொத்தான் செயலற்று இருந்தது.

யார் செய்தது என்று கண்டுபிடிக்க

தேடல் பெட்டியில் 'வியூ ரிலயபிலிட்டி ஹிஸ்டரி' என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. நாள்வாரியாக எந்த அப்டேட் ஏறியது, எந்த நிரல் நிறுவப்பட்டது, எது செயலிழந்தது என்று நாட்காட்டி போலக் காட்டும். அக்காவின் கணினியில் குற்றவாளி கிடைத்தது இங்கேதான். செட்டிங்ஸின் 'இன்ஸ்டால்டு ஆப்ஸ்' பக்கத்தில் பட்டியலைத் தேதிப்படி அடுக்கினாலும் புதிதாக வந்தவை மேலே தெரியும்.

திருப்புவது

மாறியது ஒன்றிரண்டு செட்டிங்ஸ் என்றால் கையாலேயே மாற்றிவிடுங்கள், அப்டேட்டை நீக்க வேண்டாம்.

டிரைவர்தான் பிரச்சினை என்றால், 'ஸ்டார்ட்' பொத்தானை வலது சொடுக்கி 'டிவைஸ் மேனேஜர்', சம்பந்தப்பட்ட சாதனம், 'ப்ராப்பர்ட்டீஸ்', 'டிரைவர்', 'ரோல் பேக் டிரைவர்' என்று போங்கள். ஒரு குறிப்பிட்ட மாத அப்டேட் என்றால் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் 'அப்டேட் ஹிஸ்டரி', அதன் அடியில் 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்'. அதை நீக்கினால் பாதுகாப்பும் சேர்ந்து போகும். ஆகவே சில நாட்களுக்கு மட்டும், திருத்தம் வரும்வரை.

பெரிய பதிப்பு மாற்றமே பிடிக்கவில்லை என்றால் 'சிஸ்டம்', 'ரெக்கவரி', 'கோ பேக்'. இதற்குப் பத்து நாள்தான் அவகாசம். பிறகு விண்டோஸ் ஓல்டு கோப்புறை தானாக அழிந்துவிடும். இடம் மிச்சப்படுத்துகிறேன் என்று அதை நீங்களே முதல் நாளில் அழித்துவிடாதீர்கள்.

மேக், லினக்ஸ்

மேக்கில் 'சிஸ்டம் செட்டிங்ஸ்', 'ஜெனரல்', 'சாஃப்ட்வேர் அப்டேட்' போய்த் தானியங்கி அப்டேட்டுக்கு எதிரே உள்ள ஐ குறியை அழுத்தினால் தனித்தனிப் பொத்தான்கள் வரும். பாதுகாப்புக்கானதை இயக்கி வைத்து, பெரிய பதிப்பை நிறுவுவதை மட்டும் அணைக்கலாம். பின்னணியில் ஓடும் புது நிரல் சேர்ந்தால் 2022 முதல் மேக்கே அறிவிப்புக் கொடுக்கிறது. அதைத் தள்ளிவிடாமல் படியுங்கள்.

லினக்ஸில் ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது. லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியனின் கொள்கை ஆவணத்திலேயே, பயனர் செட்டிங்ஸ் கோப்பில் செய்த மாற்றங்களை அப்டேட் காப்பாற்றியாக வேண்டும் என்று விதி உண்டு. நீங்கள் திருத்திய கோப்புக்குப் புது வடிவம் வந்தால் நின்று கேட்கும்: உங்களுடையது இருக்கட்டுமா, புதியது வேண்டுமா, வித்தியாசத்தைக் காட்டவா? எதுவும் சொல்லாமல் என்டர் தட்டினால் உங்களுடையதே இருக்கும். டெபியனை அடிப்படையாகக் கொண்ட உபுண்டுவிலும் இந்தக் கேள்வியைப் பார்க்கலாம். எல்லா அப்டேட் கருவிகளிடமும் நான் எதிர்பார்ப்பது இந்த ஒரு கேள்வியைத்தான்.

திரும்பத் திரும்பச் செய்யும் கருவியை என்ன செய்வது

ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் மாறியதைக் காகிதத்தின் பின்பக்கம் தேதியோடு எழுதுங்கள். எந்த அப்டேட், எது மாறியது என்று ஒரு வரி. விண்டோஸ் விசையோடு எஃப் அழுத்தினால் 'ஃபீட்பேக் ஹப்' திறக்கும். விண்டோஸ் அப்டேட் செய்த மாற்றம் என்றால் அந்த வரியை அங்கேயும் எழுதி அனுப்புங்கள். மேலே சொன்னவற்றில் பலவற்றை நிறுவனங்கள் திருத்தியது பயனர்கள் சத்தம் போட்ட பிறகுதான்.

அக்காவின் காகிதத்தில் ஆறு மாதத்தில் அதே தயாரிப்பாளரின் கருவி மூன்று முறை வந்துவிட்டது. அதனால் அதை 'இன்ஸ்டால்டு ஆப்ஸ்' வழியாக நீக்கினோம். டிரைவர்கள் இப்போது விண்டோஸ் அப்டேட் வழியாக மட்டும் வருகின்றன, எந்தக் குறையும் இல்லை. பயாஸ் அப்டேட்டுக்கு மட்டும் சில மாதத்துக்கு ஒரு முறை தயாரிப்பாளரின் தளத்தை நானே பார்க்கிறேன்.

நீக்கிய பிறகு ரீஸ்டார்ட் செய்து ஒரு முறை பாருங்கள். சில கணினிகளில் இத்தகைய கருவியை நீக்கினாலும் தானாகத் திரும்பி வரும். கணினியின் பயாஸ் தன்னுள் வைத்திருக்கும் நிரலை விண்டோஸ் தொடங்கும்போது நிறுவ, விண்டோஸ் 8 காலத்திலிருந்தே ஒரு வழி இருக்கிறது. 2015இல் லெனோவோ இந்த வழியைப் பயன்படுத்தியது வெளியே தெரிந்து, அதை நீக்க அந்த நிறுவனம் தனி அப்டேட் வெளியிட வேண்டியதாயிற்று. உங்கள் கணினியிலும் இப்படி நடந்தால் பயாஸ் திரைக்குள் போய், தயாரிப்பாளரின் மென்பொருளை இறக்கி நிறுவும் வசதி இருக்கிறதா என்று தேடி அணையுங்கள். அணைத்ததை அந்த ஒரு பக்கத்திலும் எழுதி வையுங்கள். அடுத்த பயாஸ் அப்டேட் அதை மறுபடி இயக்கிவிடக்கூடும்.